மதிலின் அடியில் இருந்தவர்கள்

பாலாம்பிகை இத்தாலியில் இருக்கும் ரோக்கா வெர்தோலாக் கோட்டைக்கு ஒருநாளும் போனதில்லை. அவளுடைய அலுவலகத்தில் மற்ற எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். அவர்கள் முதல் தடவை அளவெடுக்கப் போனபோது அவளிடம் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம்தான் இருந்தது. இத்தாலி விசா நேரத்துக்கு வரவில்லை. பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவளுக்குப் போகிற ஆசை போய்விட்டது. லீவு கிடைத்தால் லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடக்கத்தான் உடம்பு கேட்டது.

கொழும்பில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்தவள். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் கணவன் யோகலிங்கத்தோடு லண்டன் வந்தாள். பிள்ளைகள் இல்லை. யோகலிங்கத்துக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவளுக்குக் கிளார்க்கன்வெல்லில், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கத் திட்டம் போடுகிற சின்ன அலுவலகம் ஒன்றில், வந்த மூன்றாவது வருடம் வேலை கிடைத்தது. தேவாலயக் கூரை, தானியக் களஞ்சியம், பாலம் என்று எத்தனையோ வரைந்தாள். எதுவும் இந்தக் கோட்டையைப் போல அவளை அலுக்க வைத்ததில்லை.

ரோக்கா என்றால் இத்தாலியில் மலை உச்சிக் கோட்டை. வெர்தோலா என்கிற சின்ன ஊருக்கு மேலே, மூன்று பக்கமும் சரிவாக விழுகிற ஒரு குன்றின் தலையில் அது நின்றது. எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு பிஷப் நடுவில் சதுரக் கோபுரம் ஒன்றைக் கட்டினார். அதைச் சுற்றி ஒரு மதில். அவருக்குப் பின் வந்த பிரபு ஒருவர் அதற்கும் வெளியே இன்னொரு மதிலை வட்டக் கொத்தளங்களோடு எழுப்பினார். வாசல் நேராக உள்ளே போகாது. நுழைந்ததும் ஒடிந்து திரும்பும். கனத்த மரக்கட்டையால் கதவை இடித்துக்கொண்டு ஓடிவருகிறவர்கள் அந்தத் திருப்பத்தில் வேகம் இழந்து நிற்க வேண்டும். நிற்கும்போது தலைக்கு மேலே, மதில் விளிம்பில் பிதுங்கி நிற்கும் மாடத்தின் தரைத் துளைகளால் கல் விழும். அம்பு எய்கிற பிளவுகள் வெளியே விரல் நுழையும் அளவு, உள்ளே ஆள் நின்று திரும்பும் அகலம். முற்றத்தின் கீழே மழைநீர்த் தொட்டி. இதையெல்லாம் மேலிருந்து, பக்கத்திலிருந்து, குறுக்கே வெட்டி என்று அவள் வரைந்துகொண்டே இருந்தாள். ஆட்களைக் கிட்ட வரவிடாமல் இருப்பதற்கு இவ்வளவு யோசனையா என்று ஆரம்பத்தில் வியந்தாள். பிறகு வியப்பும் நின்றுவிட்டது.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் உள்மதிலில் ஒரு பகுதி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் சரிந்துவிடும். காரணம் பார்க்க அலுவலகத்தின் கட்டட எஞ்சினியர் சேஷாத்ரி போனான். மைலாப்பூர்க்காரன், அவளைவிட நாலைந்து வயது இளையவன். ஹரோவில் மனைவி கல்யாணியோடு வீடு. அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் பேசுகிற தமிழும் அவள் பேசுகிற தமிழும் வேறு வேறு என்று இருவருக்கும் தெரியும். அதனால் நிதானமாகப் பேசிக்கொள்வார்கள்.

சேஷாத்ரி திரும்பி வந்து சொன்னது இது. உள்மதிலின் அடி சாய்வாக, பருமனாகக் கட்டப்பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் செதுக்கிய கல், உள்ளே சும்மா உடைகல்லும் சுண்ணாம்பும். அந்தச் செதுக்கிய கற்களை யாரோ பெயர்த்து எடுத்து, உடைகல்லைச் சுரண்டி, வரிசையாகக் குழிகள் தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆள் குறுகிப் படுக்கலாம். சில இடத்தில் கூரையில் புகைக்கரி. மேலே மதில், கீழே பொந்து. வயிறு தள்ளாமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் கல்லும் சுண்ணாம்புக் குழம்பும் போட்டு அடைக்க வேண்டும் என்றான்.

யார் தோண்டினார்கள் என்பது அந்த ஊர்ச் சரித்திர ஆசிரியை ஒருவர் எழுதி அனுப்பிய அறிக்கையில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஒரு கூலிப்படை கோட்டையை முற்றுகையிட்டது. இலையுதிர் காலத்தில் வெளிமதில் விழுந்தது. ஊர்ச்சனமும் காவலர்களும் உள்மதிலுக்குள் ஒதுங்கினார்கள். குளிர் தொடங்கியதும் தானியம் குறைந்தது. கோட்டைத் தலைவன் சும்மா தின்கிறவர்கள் என்று கிழவர்களையும் நோயாளிகளையும் பெண்கள் சிலரையும் குழந்தைகளையும் சிறு வாசலால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். வெளிமதிலில் நின்ற கூலிப்படையோ அவர்களைக் கடந்து போக விடவில்லை. திரும்ப உள்ளே போகட்டும், உள்ளே தானியம் இன்னும் குறையட்டும் என்பது அவர்கள் கணக்கு. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. இரண்டு மதில்களுக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய நிலத்தில், தள்ளப்பட்டவர்கள் மதிலடியைத் தோண்டிக் குளிர்காலம் முழுவதும் கிடந்தார்கள். இதை மலைக்குக் கீழே இருந்த மடத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

அறிக்கையைப் பாலாம்பிகை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். கொண்டுவந்த சோற்றை மூடிவைத்துவிட்டு, குழிகளை அடைக்க முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைய வேண்டும் என்று நிறுவனத் தலைவி ஹெலனிடம் போய்ச் சொன்னாள். ஹெலன் உடனே சம்மதித்தாள். அது அவ்வளவு பெரிய வேலை என்று இருவரும் அப்போது நினைக்கவில்லை. சேஷாத்ரி செப்டம்பரில் மறுபடி போய், டோர்ச்சையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்குள்ளும் தவழ்ந்து, படமெடுத்து அளந்து வந்தான். முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

அந்த அளவுகளை வைத்து அவள் வரையத் தொடங்கிய அக்டோபர் கடைசியில்தான் யாழ்ப்பாணம் காலியானது.

இராணுவம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. மழைக்குள், இருட்டுக்குள், முழுச் சனமும் ஒரே வீதியில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் போனதாகத் தமிழ் வானொலி சொன்னது. யோகலிங்கத்தின் தங்கை அருள்மலர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தாள். கணவன் இரண்டு வருடத்துக்கு முன் ஷெல் விழுந்து செத்துப்போனான். அவளோடு எட்டு வயது மகள், அதோடு அவளுக்கும் யோகலிங்கத்துக்கும் தகப்பன், நடக்க முடியாத குலசேகரம். அங்கே தொலைபேசி இல்லை. யோகலிங்கம் தெரிந்தவர், தெரியாதவர் என்று எல்லோருக்கும் போன் எடுத்தான். கொழும்புக்கு எடுத்தான், வவுனியாவுக்கு எடுத்தான். ஷிப்ட் முடிந்து வந்து குளிர்ச்சட்டையைக் கூடக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருந்த ஒருவருக்கு யாரோ சொன்னதாக, அவருக்கு இன்னொருவர் சொன்னதாகத் துண்டு துண்டாகச் செய்திகள் வந்தன. ஒன்றும் அருள்மலரைப் பற்றி இல்லை.

பாலாம்பிகை காலையில் ரயிலேறி லிவர்பூல் ஸ்ட்ரீட் போய், அங்கிருந்து ஃபாரிங்டன் போய், குளிர்ச்சட்டையைத் தொங்கவிட்டு, பலகை முன் உட்கார்ந்து குழிகளை வரைந்தாள். ஒரு குழியில் பக்கச் சுவரில் சின்னத் தட்டுப்போல வெட்டியிருந்தது, விளக்கு வைத்திருப்பார்களாக்கும். இன்னோரிடத்தில் இரண்டு குழிகள் நடுவில் உடைந்து ஒன்றாகியிருந்தன. பக்கத்துக் குழியில் இருந்தவர்களோடு சேர்ந்துகொள்ளச் சுரண்டியிருக்கிறார்கள். வரைந்து முடித்ததும் மெல்லிய பிளேடால் தவறான கோடுகளைச் சுரண்டி எடுப்பாள். மாலையானதும் கண் எரியும். வீட்டில் யோகலிங்கம் இன்னும் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பான். சமைத்ததை இருவரும் சாப்பிடுவார்கள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் சேஷாத்ரி ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து அவள் பலகை மேல் வைத்தான். சுண்ணாம்புக் குழம்பு ஊற்றினால் எங்கே ஒழுகிப் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவனித்ததாம். ஒரு குழியின் பின்சுவரில் ஒரு துவாரம். முற்றத்து மழைநீர் வெளியேற மதிலைக் கட்டியவர்களே விட்ட வடிகால் அது. மற்ற வடிகால்கள் எல்லாம் மூன்று விரலகலம். இது மட்டும் அகலப்பட்டிருந்தது.

“மேடம், இந்த உளித்தழும்பு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு பாருங்க” என்றான்.

அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தழும்புகள் உள்ளேயிருந்து வெளியே சாய்ந்திருந்தன. குழிக்குள் இருந்தவர்கள் தோண்டியது இல்லை. கோட்டைக்குள் இருந்த யாரோ, உள்ளேயிருந்து வெளியே, சாப்பாடு ஏந்திய கை ஒன்று முழுதாக நுழைகிற அளவுக்கு அந்த வடிகாலை வெட்டி அகலப்படுத்தியிருந்தார்கள்.

சரித்திர ஆசிரியைக்கு எழுதிக் கேட்டார்கள். எந்தக் காலத்தில் யார் வெட்டியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வடிகால் அடைத்துப்போனதால் பிற்பாடு யாராவது பெருப்பித்திருக்கவும் கூடும் என்று அவர் கவனமாகப் பதில் அனுப்பினார். சேஷாத்ரியும் அதையேதான் சொன்னான். பாலாம்பிகை விவாதிக்கவில்லை. அந்த ஒரு குழியையாவது அடைக்காமல் விட முடியுமா என்று மட்டும் கேட்டாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“நீங்க கேக்கறது புரியுது. ஆனா கீழே ஜனங்க நடக்கப் போறாங்க, குழந்தைங்க வரும். குழியை விட முடியாது. வடிகாலை வேணும்னா விடறேன், தண்ணி எப்படியும் போகணும். அவ்வளவுதான் என்னால முடியும்.”

“அது போதும்” என்றாள் அவள். உண்மையில் போதுமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாதாட ஏலாமல் இருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. பாலாம்பிகைதான் எடுத்தாள். வவுனியாவில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து அருள்மலர் பேசினாள். பிள்ளைக்கு மலேரியா முற்றி, ஆஸ்பத்திரியில் காட்ட இயக்கத்திடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்திருக்கிறாளாம். பிள்ளை தேறிவிட்டாள். மாமனார் எங்கே என்று பாலாம்பிகை கேட்டாள். ஐயா கொக்குவிலில் வீட்டிலேயே நின்றுவிட்டார் என்று அருள்மலர் சொன்னாள். பக்கத்து வீட்டு இராஜேந்திரன் அண்ணையும் மனைவியும் தாங்கள் வெளிக்கிடவில்லை என்றார்களாம். ஐயாவைப் பார்த்துக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்லி, பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தாளாம்.

பாலாம்பிகை ரிசீவரை யோகலிங்கத்திடம் நீட்டினாள். அவளுடைய முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கிவிட்டது. “ஐயாவை விட்டிட்டு வந்திட்டாளோ?” என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் ரிசீவரை வாங்கவில்லை. எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். அண்ணை ஷிப்டுக்குப் போய்விட்டார் என்று பாலாம்பிகை பொய் சொன்னாள். அடுத்த ஞாயிறும் எடுக்கிறேன் என்று சொல்லி அருள்மலர் வைத்துவிட்டாள். அவள் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அந்தக் கிழமை ஏழு நாளும் யோகலிங்கம் தங்கையின் பேரைச் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், நடக்க ஏலாத மனிசனை நாய்க்குட்டியை விட்ட மாதிரி விட்டிட்டு வந்தவளோடு எனக்கு என்ன கதை என்றான். அவனுடைய கோபத்தைத் தூக்கிச் சுமக்கவும் சேர்த்துப் பாலாம்பிகைக்குச் சக்தி இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் மேசையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அவள் எடுத்தால் இல்லை என்று சொல்லிவிடு என்றான். பாலாம்பிகை கத்தியை வைத்துவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கோட்டையைப் பற்றி அவனிடம் அதுவரை அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. இப்போது சொன்னாள். வெளியே தள்ளப்பட்டவர்களைப் பற்றி, அவர்கள் மதிலடியில் தோண்டிய குழிகளைப் பற்றி, அந்த வடிகாலைப் பற்றி.

“கதவைப் பூட்டினதும் உள்ளுக்கு இருந்தவைதான். ஓட்டையை வெட்டினதும் உள்ளுக்கு இருந்தவைதான்” என்றாள். “ஒரே ஆக்களாயும் இருந்திருக்கலாம். பகலிலை பூட்டிப்போட்டுப் பிறகு வந்து வெட்டியிருப்பினம்.”

“ஆர் கண்டது?”

“ஒருத்தரும் காணேல்லை. நான் நினைக்கிறன்.”

“அதுக்கும் இவளுக்கும் என்ன?”

“அவளுக்குக் கையிலை ஒரு சைக்கிள், ஒரு பிள்ளை. அவ்வளவுதான், இஞ்சாருங்கோ. அதிலை ஆரை ஏத்திறது? நீங்கள் அதைச் சொல்லுங்கோ. நாளைக்கு அவளிட்டையே சொல்லுங்கோ.”

அவன் பேப்பரை மடித்தான், மறுபடி விரித்தான். அவள் எழுந்து போய் மீதி வெங்காயத்தை வெட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தபோது அவள் மாடியில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஓடி இறங்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவன் எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. அவள் படியில் வந்து உட்கார்ந்தாள்.

யோகலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு, “சாப்பிட்டியோ?” என்று கேட்டான்.

அருள்மலர் அழுதிருக்க வேண்டும். அவன் “சரி, சரி” என்றான். பிறகு அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை என்று பிற்பாடு யோகலிங்கம் சொன்னான். ஐயா தானாக நிற்கிறேன் என்று சொல்லவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போ பிள்ளை என்றுதான் கேட்டார். சைக்கிளில் பிள்ளையை இருத்தி அரிசிப்பையைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் படலையைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

படியில் இருந்தபடி பாலாம்பிகை கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் பைகளைத் தூக்கித் தூக்கி ஒருபக்கம் சாய்ந்துபோன முதுகு. அவன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அருள், இஞ்ச கேள்” என்றான். “உனக்கு முந்தி ஐயாவை விட்டிட்டு வந்தவன் நான். பதினொரு வருசத்துக்கு முந்தி. அப்ப அவர் நல்லா நடந்து திரிஞ்சவர், அதாலை எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நீ விட்டிட்டு வந்தனி எண்டு சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. விளங்குதோ?”

அதற்குப் பிறகு பிள்ளையோடு பேசினான். பள்ளிக்கூடம் போகிறாயா, என்ன படிக்கிறாய் என்று கேட்டான். வைத்த பிறகு தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான். பாலாம்பிகை போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

குழிகள் எல்லாம் மார்ச்சில் அடைக்கப்பட்டன. வயிறு தள்ளிய மதிலுக்குள் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செலுத்தி இறுக்கினார்கள். செதுக்கிய புதுக்கல்லைப் பழைய கல்லின் நிறத்துக்குத் தேடிப்பிடித்து வைத்தார்கள். சேஷாத்ரி சொன்னபடி வடிகாலை விட்டான். வாய்க்கு ஒரு கல் விளிம்பு கட்டினான். அவளுடைய வரைபடங்களைக் கோட்டையின் கீழ்த்தள அறையில் கண்ணாடிக்குள் தொங்கவிடப் போவதாக ஊராட்சியிலிருந்து எழுதினார்கள். திறப்பு விழாவுக்கு வரச் சொல்லி அவளுக்கும் அழைப்பு வந்தது. ஹெலன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். திறப்பு விழா மே மாதக் கடைசியில்.

மே மாதம் அருள்மலர் கொக்குவிலுக்குத் திரும்பிப் போனாள். கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. ஐயா டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். இராஜேந்திரனும் மனைவியும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். செத்தபோது சுடலைக்குக் கொண்டுபோக ஆளில்லை. வீட்டு வளவுக்குள்ளேயே, பின் அறைக் கதவு இரண்டையும் கழற்றி விறகாக்கி, இராஜேந்திரன்தான் கொள்ளி வைத்தார். அவர் ஜனவரி தொலைபேசிக்கு முன்பே போய்விட்டார் என்று யோகலிங்கம் இரண்டு மூன்று தடவை சொன்னான். மகனும் மகளும் தன்னைப் பற்றிப் பேசி அழுதபோது அவர் இருக்கவே இல்லை.

பாலாம்பிகை ஹெலனிடம் போய், தான் திறப்பு விழாவுக்கு வரவில்லை என்று சொன்னாள். கோபமா என்று ஹெலன் கேட்டாள். இல்லை, அந்தக் கிழமை வீட்டில் மாமாவின் காரியம் இருக்கிறது என்றாள். சேஷாத்ரி போனான். கல்யாணியையும் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிறு இருவரும் ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போனார்கள். ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து மேடேறிப் போகும் வழியில் யோகலிங்கம் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். ஐயர் தகப்பனின் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பேரைச் சொன்னான், நட்சத்திரம் அவனுக்குத் தெரியவில்லை. அருள்மலரைக் கேட்டால் தெரியும் என்றான். பரவாயில்லை என்று ஐயர் மோட்ச அர்ச்சனையைத் தொடங்கினார்.

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. யோகலிங்கம் திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அருளையும் பிள்ளையையும் இங்கே எடுக்க என்ன வழி என்று குடிவரவு வழக்குப் பார்க்கிற ஒரு சொலிசிட்டரைக் கேட்க வேண்டும் என்றான். ஓம் என்றாள். சரிவருமோ தெரியாது என்றான். அதற்கும் ஓம் என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவனுடைய தலை அவள் தோளில் சாய்ந்தது. அவளுக்கும் கண் சொருகியது. ஸ்ட்ராட்ஃபர்டில் ரயில் மாற வேண்டும் என்பதால் அவள் மட்டும் விழித்திருந்தாள்.